தட்டை ஊதுபத்தி

அத்தியாயம் ஒன்பது

கண்ணாடிப் பேழைக்குள் இருந்த மண்டையோட்டைப் பார்த்து நான் நாக்கைத் துருத்தினேன். அறையில் யாரும் இல்லை என்கிற தைரியத்தில், "திருட்டுக் கிழவா, ஜம்முனு உக்காந்திருக்கே பாரு" என்றும் சொல்லிவைத்தேன்.

"செத்தவங்ககிட்ட வாய் காட்டாதே நாமி. அவங்களால திருப்பிக் குடுக்க முடியாது."

பின்னால் வந்து நின்றவர் குஷிக்கென். என் முதலாளி. ஓக்கினாவாவில், நாஹா துறைமுகத்து மீன் கூட்டுறவுச் சங்கத்துக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறார். அவர் யோசிப்பார், நான் பேசுவேன், இதுதான் எங்கள் வேலைப் பங்கீடு. யோசிக்கும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வாயில் அதக்கிக்கொள்வார். ஏதாவது பிடிபட்டுவிட்டால் வாய் அசைவது நின்றுவிடும்.

"நான் வாய்தான் காட்டினேன் அண்ணே. இவரு நம்ம ஊரு செத்தவங்க மேல கையே வெச்சாரே" என்றேன்.

பேழையில் பதித்திருந்த பித்தளைத் தகடு அவர் புகழைப் பாடியது. ஷிரோசாக்கி ஐனோசுகே. உடல் மானிடவியலுக்கு இந்த நாட்டில் அடித்தளம் இட்டவர். இந்தப் பல்கலைக்கழகத்தில் இந்தத் துறையை நிறுவியவர். தம் தலையையும் துறைக்கே எழுதிவைத்தவர். சுவரில் அவர் பயன்படுத்திய அளவைக் கருவியைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நண்டின் இரண்டு கொடுக்கு மாதிரி வளைந்த எஃகுக் காலிப்பர். அதைக்கொண்டு தலையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து, இவன் எந்த ஊர், எவ்வளவு புத்தி என்று சொல்லிவிடலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. அந்தக் கண்டுபிடிப்புக்குப் பதக்கம்கூடக் கொடுத்தார்கள்.

அளப்பதற்கு மண்டை வேண்டுமே. உயிரோடு இருக்கிறவன் கழற்றிக் கொடுப்பானா? போருக்கு முன்னால் ஒரு வசந்த காலத்தில் சென்செய் கப்பலேறி எங்கள் தீவுக்கு வந்தார். பேராசிரியர், வைத்தியர், பள்ளி வாத்தியார் எல்லாரையும் நாங்கள் சென்செய் என்றுதான் மரியாதையாகச் சொல்வோம், இவரையும் அப்படித்தான் சொன்னோம். மரியாதைக்குப் பதிலாக அவர் எங்கள் கல்லறைகளைத் திறந்து, ஜாடிகளில் இருந்தவர்களை மூட்டை கட்டிக்கொண்டு யமாதோ போய்ச் சேர்ந்தார். யமாதோ என்று நாங்கள் சொல்வது வடக்கே இருக்கும் பெரிய தீவுகளை. அங்கே உள்ளவர்கள் அதை ஜப்பான் என்பார்கள், வரி வாங்கும்போது எங்களையும் சேர்த்துக்கொள்வார்கள்.

ஊரார் வருஷக்கணக்கில் கேட்டு, கெஞ்சி, கத்தி, கடைசியில் போன வாரம்தான் மரப்பெட்டிகள் திரும்பி வந்தன. இறந்தவர்களை இனியும் காட்சிப்பொருள் ஆக்க வேண்டாம், திறந்து பார்க்காமல் அப்படியே ஒப்படையுங்கள் என்று எங்கள் ஆட்களே கேட்டிருந்தார்கள். அதனால் யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. துறைமுகத்தில் சோபா நூடுல்ஸ் கடை நடத்தும் தமயோசே கிக்குயே தன் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கப்பல் மேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அதற்குள் இருந்தது அவள் அப்பாவின் அத்தை, ஊதோ. தறி நெய்தே பிழைத்தவள், கல்யாணம் செய்துகொள்ளாமல் அண்ணன் மகனை வளர்த்தவள். வேகமாக நெய்கிற அவசரத்தில் கத்தரியைத் தேடாமல் நூலைப் பல்லாலேயே கடித்து அறுப்பாளாம். அவள் செத்து, சில வருஷம் கழித்து, வளர்த்த பையன்தான் எலும்புகளைக் கழுவி ஜாடியில் வைத்தான். அடுத்த வருஷம் பார்த்தால் ஜாடி காலி. அவன் வளர்ந்து, கிழவனாகி, கேட்டுக் கேட்டே செத்தும் போனான். இப்போது அந்தக் காலி ஜாடிக்குப் பக்கத்து ஜாடியில் இருக்கிறான்.

எங்கள் ஊர் வழக்கப்படி, கல்லறைக்குள் வைக்கும் முன் எலும்பை இன்னொரு தடவை கழுவி, சாராயத்தில் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கிக்குயே கழுவினாள். நெற்றியில் மையால் எழுதியிருந்த எண் கையோடு வந்துவிட்டது. மற்ற வீடுகளில் எவ்வளவு தேய்த்தும் போகாத எண் அது. பிறகு மேல் கடைவாயில் ஏதோ மின்னியது. தங்கப்பல். ஊதோவிடம் கொண்டை ஊசிக்கே தங்கம் கிடையாது.

"யாருன்னே தெரியாத ஆளைக் கட்டிக்கிட்டு அழுதிருக்கேன்" என்று அவள் எங்கள் அலுவலகத்தில் சொன்னாள். "அத்தைக்குத் துரோகம் பண்ணின மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமை ஷீமீ. காலி ஜாடியோட எங்கப்பா முன்னாடி போய் எப்படி நிப்பேன்?"

ஷீமீ என்றால் குடும்பம் குடும்பமாகக் கல்லறை வாசலில் பாய் விரித்து, செத்தவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். அன்றுதான் கல்லறைக் கதவைத் திறப்பதாக ஏற்பாடு. இன்று வெள்ளிக்கிழமை. காலையில்தான் யமாதோவில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தோம்.

துறைத் தலைவர் குராமோச்சி சென்செய் வந்தார். பளபளக்கும் காலணி, அதைவிடப் பளபளக்கும் வழுக்கை. வந்ததும் குனிந்து மன்னிப்புக் கேட்டார். காலையிலிருந்து அது எத்தனையாவது மன்னிப்பு என்று எனக்குத் தெரியாது. கிட்டே போனால் திறந்துகொள்ளும் கதவு மாதிரி, எங்களைக் கண்டாலே குனிந்துகொண்டிருந்தார். எனக்கென்னவோ ஊதோவை எடுத்து எவனோ பணக்காரனுக்கு விற்றது இந்த ஆள்தான் என்று பட்டது. அதைக் குஷிக்கெனிடம் காதோடு காதாகச் சொன்னேன். காலணியை வைத்துத் தீர்ப்பு சொன்னால் நீ இரண்டு கொலை செய்திருக்க வேண்டும் என்று என் செருப்பைப் பார்த்தார்.

கிடங்கைத் திறந்து காட்டினார்கள். அலமாரிகள் எல்லாம் காலி. எடுத்து வந்தவர்களின் பதிவேட்டு எண்களும் திருப்பிக் கொடுத்த பெட்டிகளும் சரியாகப் பொருந்தின. மிச்சமும் இல்லை, குறைவும் இல்லை.

"அதான் இடிக்குது" என்றார் குஷிக்கென். "ஊதோ பெட்டிக்குள்ள வேற ஒருத்தர் வந்திருக்காரு. அப்ப ஒரு தலை கூடியிருக்கணும். கூடல. அப்ப அந்த வேற ஒருத்தர் எங்கிருந்து வந்தாரு, ஊதோ எங்க போனாங்க?"

வெளியிலிருந்து யாரும் கிடங்குக்குள் வந்ததே இல்லை, சாவி துறைக்குள்ளேயேதான் இருக்கும் என்று குராமோச்சி சத்தியம் செய்தார். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, எங்களை மறுபடி பேழையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கே வந்ததும் மனிதருக்குக் குரலே மாறிவிட்டது. ஒவ்வொரு வருஷமும் மாணவர்கள் இந்தத் தலையில்தான் அளக்கக் கற்றுக்கொள்கிறார்களாம். உயர்ந்த நெற்றி, நேர்த்தியான வளைவு, வடக்கத்திச் சான்றோர் தலைக்கு இதுவே எடுத்துக்காட்டு என்று பாடப்புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறார்களாம். கீழ்த்தாடை மட்டும் இல்லை. அது எப்போதோ உடைந்துவிட்டது என்றார்.

"முன்பல்லுல ஏதோ வெட்டுப் பட்டிருக்கே" என்றேன். மேல்வரிசை முன்பல்லின் விளிம்பில் சின்னதாக ஒரு பள்ளம்.

"அதுவா? சென்செய் எந்நேரமும் புகையிலைப் பைப் பிடிப்பாரு. கடிச்சுக் கடிச்சுத் தேஞ்சிருக்கு" என்று பெருமையாகச் சொன்னார். பெரிய மனிதர்களுக்குப் பல் தேய்ந்தாலும் அதற்கு ஒரு கௌரவமான காரணம் இருக்கிறது.

குஷிக்கென் பல்லைப் பார்க்கவில்லை. பேழைக்குக் கீழே, ஒரு பீங்கான் தட்டில் இருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக, தட்டையாக, சாக்லெட் பட்டை மாதிரி கோடு கோடாக ஏதோ கிடந்தது.

"இது என்ன சென்செய்?"

ஈரம் இழுப்பதற்காக வைத்த கரி என்றார் குராமோச்சி.

நான் எடுத்து மோந்து பார்த்தேன். பார்க்கவே வேண்டியதில்லை. யமாதோக்காரர்களின் ஊதுபத்தி ஈர்க்குச்சி மாதிரி மெல்லிசாக, பச்சையாக இருக்கும். எங்கள் ஊர் ஊதுபத்திதான் இப்படித் தட்டையாக, கறுப்பாக, ஆறு குச்சி ஒட்டின பட்டையாக வரும். வேண்டிய அளவு உடைத்து வைப்போம். கொளுத்தாமலும் வைப்போம், சாமி கோபித்துக்கொள்ளாது. என் அம்மா மாசம் தவறாமல் வைக்கிற அதே பட்டை இங்கே, தீவு வாடையே பிடிக்காத ஒரு கட்டடத்தில், எங்களைத் திருடின ஆளின் தலைக்கு முன்னால் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரு வெச்சது இதை?" குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

சென்செயின் மகள் தொமொயே என்றார் குராமோச்சி. இதே துறையில் காலமெல்லாம் வேலை பார்த்த பெண்மணி. எலும்பைச் சுத்தம் செய்வது, நெற்றியில் எண் எழுதுவது, புத்தகத்துக்குப் படம் வரைவது எல்லாம் அவர்தான். ஓய்வுபெற்ற பிறகும் பேழையைத் துடைக்க வருவார். ஆனால் எப்போது வருவார் என்பதற்கு ஒரு கணக்கே கிடையாதாம். ஒரு மாசம் தொடக்கத்தில், இன்னொரு மாசம் நடுவில், நினைத்த நாளில் வந்து நிற்பார்.

"அப்பாவோட நினைவு நாளன்னைக்கு மட்டும் வர மாட்டாங்க. துறையே வரிசையா நின்னு கும்பிடும், மகளைக் காணோம். வயசாச்சு, பாவம். என்னமோ தனக்குத்தானே முணுமுணுப்பாங்க."

குஷிக்கென் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய காலண்டரை எடுத்தார். மீன் சங்கம் கொடுத்தது. தேதிக்குப் பக்கத்தில் நிலாவின் நாளும், கடல் ஏறி இறங்கும் நேரமும் போட்டிருக்கும். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார். இன்று பௌர்ணமி.

எனக்கு உறைத்தது. பழைய நிலாக் காலண்டரின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அமாவாசை கழிந்த மறுநாளும் பௌர்ணமியும் என்று வைத்துக்கொள்ளுங்களேன், எங்கள் வீடுகளில் ஊதுபத்தி வைக்கும் நாட்கள். யமாதோக்காரர்கள் அந்தக் காலண்டரைத் தூக்கிப்போட்டு எத்தனையோ தலைமுறை ஆகிறது. அவர்கள் தேதியில் பார்த்தால் அந்த அம்மாள் வருவதற்குக் கணக்கே இருக்காதுதான்.

"இன்னைக்கு வருவாங்க" என்றார் குஷிக்கென். "காத்திருக்கலாம்."

காத்திருந்தோம். குராமோச்சி தேநீர் வரவழைத்தார். சும்மா இருப்பது அவருக்குக் கஷ்டமாக இருந்தது போல. தன் ஆசானுக்கு ஆசானான ஷிரோசாக்கியைப் பற்றிக் கதை சொல்லத் தொடங்கினார். சிரிக்கவே மாட்டாராம். நல்ல மண்டையோடு கிடைத்தால் மட்டும் வாய் கொள்ளாமல் சிரிப்பாராம்.

"அப்பதான் கடைவாய்ப் பல் தெரியுமாம். மாணவங்க அவருக்கு வெச்ச பேரே தங்கப்பல் சென்செய்."

குஷிக்கெனின் வாய் அசைவது நின்றது.

"அந்தத் தங்கப்பல் இப்ப எங்க?" என்று மிகவும் சாதாரணமாகக் கேட்டார்.

பேழையில் இருந்த தலையின் கடைவாயில் பல்லே இல்லை, வெறும் குழிதான் இருந்தது. தங்கம் அல்லவா, வீட்டார் கழற்றிக்கொண்டிருப்பார்கள் என்றார் குராமோச்சி. சொல்லி முடித்ததும் அவருக்கே ஏதோ தட்டியிருக்க வேண்டும். கோப்பையை உதட்டருகில் வைத்தபடி அப்படியே நின்றார். நான் மெல்லத் திரும்பி அந்த முன்பல்லைப் பார்த்தேன். பைப் கடித்தால் பள்ளம் அகலமாக விழும். இது ஒரு நூல் போகிற அகலம்தான் இருந்தது.

அப்போது கதவு திறந்தது.

உள்ளே வந்தவர் சின்ன உருவம். கையில் வெள்ளைப் பருத்தி உறை, ஒரு துணி மூட்டை. எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகப் பேழைக்குப் போனார். கண்ணாடியைத் துடைத்தார். மூட்டையிலிருந்து கறுப்புப் பட்டையை எடுத்து, பாதியாக உடைத்து, தட்டில் வைத்தார். கை கூப்பி, கண்ணை மூடி, மெதுவாக, "ஊத்தோத்து" என்றார்.

குராமோச்சி முணுமுணுப்பு என்று சொன்னது இதைத்தான். எங்கள் ஊரில் குழந்தைக்கு முதல் முதலாகக் கை கூப்பக் கற்றுக்கொடுக்கும்போது சொல்லித்தருகிற சொல் அது.

குஷிக்கென் எழுந்து நின்றார். "யாருக்கும்மா கும்பிடறீங்க? அப்பாவுக்கா, ஊதோவுக்கா?"

அந்த அம்மாள் திரும்பவில்லை. தட்டில் இருந்த பட்டையை நேராக்கி வைத்தார்.

"என்னைக்காவது யாராவது கேப்பாங்கன்னு நினைச்சேன்" என்றார். "கேக்க இவ்வளவு காலமாகும்னு நினைக்கல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் மாதிரி சொன்னார். அப்பா செத்ததும் தலையை இந்தப் பேழையில் வைக்கும் பொறுப்பு அவரிடம்தான் வந்தது. கிடங்கில் இருந்த ஊதோவை எடுத்துப் பேழையில் வைத்துப் பூட்டினார். அப்பாவை ஊதோவின் பெட்டியில் வைத்தார்.

"அவர் நெத்தியில ஊதோவோட எண்ணை என் கையாலயே எழுதினேன். எழுதினா மேல அரக்குப் பூசணும், இல்லன்னா அழிஞ்சிடும். பூச மனசு வரல."

அதனால்தான் கிக்குயே கழுவியதும் எண் போய்விட்டது.

"ஏன்மா?" என்று கேட்டது நான்தான். துப்பறிகிற கேள்வி இல்லை அது, தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"இந்தக் கட்டடத்துல ஊதுபத்தி வாங்கற தலை ஒண்ணே ஒண்ணுதான். மத்தவங்களுக்கெல்லாம் எண்தான். திருப்பிக் கொண்டுபோய் விட எனக்குத் தைரியம் இல்ல. அப்பாவை ஊரே கொண்டாடுச்சு, நான் யாரு? கும்பிடறது கும்பிடறாங்க, அவங்களையாவது கும்பிடட்டுமேன்னு வெச்சேன்." கையுறையைக் கழற்றினார். "ஒரு வாரத்துல மாட்டிக்குவேன்னு நினைச்சேன். தலையைப் பாத்தாலே எந்த ஊருன்னு சொல்லிடலாம்னு அப்பா வாழ்நாள் பூரா சொன்னாரு. அளக்க வந்தாங்க. வருஷா வருஷம் வந்தாங்க. ஒருத்தரும் சொல்லல. ஒவ்வொரு தடவையும் அவங்க எழுதிக்கிட்டுப் போறப்ப, அப்பா சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரியும். அந்தப் பொய்க்காகத்தான் அவங்களைத் தூக்கிட்டு வந்தோம்னும் தெரியும். தெரிஞ்சும் பேசாம இருந்தேன்."

நான் பேழையின் முன்னால் போய் நின்றேன். சற்று முன் நாக்கைத் துருத்தியது ஞாபகம் வந்து காதெல்லாம் சுட்டது. எத்தனையோ வருஷமாக வீட்டு ஆள் முகம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தவளுக்கு, முதலில் வந்த ஊர்க்காரி சொன்ன வார்த்தை திருட்டுக் கிழவா. இடுப்பு வரை குனிந்து, "தப்பாச் சொல்லிட்டேன் அத்தை, மன்னிச்சிடுங்க" என்றேன். குஷிக்கென் எதுவும் சொல்லவில்லை. அது அவர் செய்த பெரிய உபகாரம்.

குராமோச்சிக்கு இப்போதுதான் பேச்சு வந்தது. வயதானவர்கள் மனம் குழம்பி ஏதாவது சொல்வார்கள், அதை வைத்துத் துறையின் நிறுவனரை எடுத்துக் கொடுத்துவிட முடியாது, குழு கூட வேண்டும், ஆதாரம் வேண்டும் என்று அடுக்கினார். குழு கூடினால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். அடுத்த வருஷ ஷீமீயும் போனாலும் போகும்.

குஷிக்கென் சுவருக்குப் போனார். சட்டத்தின் கொக்கியைத் தள்ளி, ஷிரோசாக்கியின் காலிப்பரை எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாகக் குராமோச்சியிடம் நீட்டினார்.

"ஆதாரம் உங்க தொழில்லயே இருக்கே சென்செய். அளந்து சொல்லுங்க. வடக்கத்திச் சான்றோர் தலைதான்னு நீங்க அளந்து சொன்னா, நாங்க இப்பவே கிளம்பறோம். இல்ல, தீவுக்காரி தலைன்னு அளவு சொன்னா, எங்ககிட்ட குடுத்துடுங்க."

குராமோச்சி கருவியை வாங்கினார். பேழையைத் திறந்தார். எஃகுக் கொடுக்கை விரித்து நெற்றிக்கு அருகில் கொண்டுபோனார். அங்கேயே கை நின்றுவிட்டது. எந்தப் பக்கம் சொன்னாலும் மாட்டிக்கொள்வார் என்று எனக்கே புரிந்தது, அவருக்குப் புரியாதா? வடக்கத்தித் தலை என்றால், கிக்குயேவின் வீட்டில் இருக்கும் தங்கப்பல் அவரைப் பொய்யர் ஆக்கும். தீவுத் தலை என்றால், அந்தப் பாடப்புத்தகம் அவரைப் பொய்யர் ஆக்கும். கிண்டல் செய்ய நல்ல இடம். எனக்கு ஏனோ வரவில்லை.

"பாடப்புத்தகத்துல அந்தப் பக்கத்தை எழுதினது நான்தான்" என்றார் கடைசியில். "எல்லா மாணவங்களும் சரியாத்தான் அளந்தாங்க. எல்லாரையும் பாஸ் போட்டேன்."

காலிப்பரை மேசைமேல் வைத்தார். பிறகு குனிந்தார். காலையிலிருந்து எங்களுக்குக் குனிந்த மாதிரி இல்லை அது. பேழையின் பக்கம் குனிந்து வெகுநேரம் நிமிராமல் இருந்தார். நிமிர்ந்ததும், இன்றே ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துப் போடுவதாகவும், குழுவுக்குத் தானே பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

அவர் மேசையிலிருந்தே கிக்குயேவுக்குப் போன் போட்டேன். மதிய வியாபாரம் முடிந்து பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. ஊதோ கிடைத்துவிட்டாள், முன்பல்லில் நூல் தேய்ந்த பள்ளம்கூட அப்படியே இருக்கிறது என்றேன். பாத்திரச் சத்தம் நின்றது. அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு திடீரென்று சந்தேகம் வந்தது அவளுக்கு.

"அப்ப நான் இத்தனை நாளா யாருக்குடி சோறு வெச்சிக்கிட்டிருக்கேன்?"

"சொன்னா திட்டக் கூடாது அக்கா. ஷிரோசாக்கி சென்செய்க்கு."

மறுமுனையில் பாத்திரத்தை ணங்கென்று வைக்கும் சத்தம் கேட்டது.

"அந்த ஆளுக்கா?" என்றாள். "யாரு பெத்த பிள்ளையோன்னு பன்னிக்கறி வேற வெச்சேனே."

தொமொயே என் அருகில் வந்து, போனைத் தர முடியுமா என்று சைகையால் கேட்டார். கொடுத்தேன். கிக்குயேவுக்கு இரைச்சலான கடையில் பேசிப் பழகிய குரல், அவள் சொன்னதெல்லாம் எங்களுக்கும் கேட்டது. தொமொயே தன் பெயரைச் சொன்னார். யாருடைய மகள் என்று சொன்னார். எங்களிடம் சொல்லாத ஒன்றை அப்போதுதான் சொன்னார்.

சிறு பிள்ளையாக அப்பாவோடு தீவுக்கு வந்திருந்தாராம். அன்று ஷீமீ. தமயோசே வீட்டார் இந்த யமாதோப் பெண்ணையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அந்த வீட்டுப் பையன் ஒருவன் கையில் வெல்லக்கட்டி கொடுத்து, கல்லறைக்கு உள்ளே கூட்டிப்போய், இதுதான் என் அத்தை, இப்படிக் கும்பிடணும் என்று கை கூப்பவும் சொல்லிக்கொடுத்தான். ஊத்தோத்து.

"ராத்திரி சாப்பிடறப்ப அப்பா கேட்டாரு, இன்னைக்கு எங்க விளையாடினேன்னு. நான் எல்லாத்தையும் சொன்னேன். எந்த மரத்துக்கிட்ட திரும்பணும், எந்தக் கல்லைத் தள்ளணும்னு வரைஞ்சே காட்டினேன். நல்லா வரையறியேன்னு தலையைத் தடவிக் குடுத்தாரு. அவருக்கு நான் வரைஞ்ச முதல் படம் அதுதான்." போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "வழி சொன்னது நான்தாம்மா. வேற யாரும் இல்ல."

குஷிக்கென் தன் கையில் இருந்த வெல்லக்கட்டியைப் பார்த்தார். வாயில் போடாமல் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பையன் என் அப்பா" என்றாள் கிக்குயே.

"தெரியும்."

"ஒரு சின்னப் பொண்ணுகிட்ட நான்தான் காட்டிக்குடுத்துட்டேன்னு சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. தன்னைத்தான் திட்டிக்குவாரு. அந்தப் பொண்ணை ஒரு வார்த்தை சொன்னதில்ல."

தொமொயே போனிலேயே குனிந்துகொண்டிருந்தார், மறுமுனைக்குத் தெரியாது என்பது அவருக்கு உறைக்கவில்லை. மறுமுனையில் கிக்குயே மூக்கை உறிஞ்சுவதும், குழாயை மூடுவதும் கேட்டது.

"அந்த வழி இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டு வரைவேன்."

"வரைய வேணாம். எங்க அத்தையைக் கையில தூக்கிக்கிட்டு அந்த வழியிலயே நடந்து வாங்க. ஞாயித்துக்கிழமை கதவைத் திறந்து வெச்சிருப்போம். அவங்களை நீங்களே உள்ள வைங்க, எங்கப்பா பாக்கட்டும். அப்புறம் உங்கப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அதுவரைக்கும் அவருக்குச் சோறு வெக்கறேன்." குழாய் மறுபடி திறக்கும் சத்தம் கேட்டது. "கறி கிடையாது."